தக்காளி 52 ரூபாய், ஆப்பில் மட்டும் 38

பெங்களூரு பெல்லந்தூரில், மளிகை டெலிவரி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒருநாள் காலை தக்காளி விலையை 38-லிருந்து 52-க்கு ஏற்றினார்கள். டேட்டாபேஸில் 52 வந்துவிட்டது, பில்லிலும் 52, ஆனால் ஆப்பைத் திறந்தால் மணிக்கணக்காக 38தான். வாங்கியவர்கள் ஏமாற்றிவிட்டதாகக் கோபப்பட்டார்கள், அது நியாயமான கோபம்.

ஆப் விலையை எடுத்தது கேஷிலிருந்து (cache), அதாவது அடிக்கடி கேட்கும் தகவலின் பிரதியை வேகமான நினைவகத்தில் வைத்திருக்கும் இடத்திலிருந்து. டேட்டாபேஸ் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் ஒரு முறை படிக்க ஏறக்குறைய 100 மைக்ரோசெகண்ட் ஆகும், கேஷ் இருக்கும் ராம் (RAM) நினைவகத்தில் 100 நானோசெகண்ட்தான், ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் 2003-இல் வந்த மெம்கேஷ்ட், 2009-இல் வந்த ரெடிஸ் ஆகிய கேஷ் மென்பொருள்கள் இவ்வளவு பரவின. வழக்கமான முறை எளிது: கேஷில் தேடு, இல்லையென்றால் டேட்டாபேஸில் எடுத்து, கேஷிலும் ஒரு பிரதி வை.

சரி, விலை மாறினால்? கேஷில் புது விலையை எழுதத்தான் எல்லோருக்கும் தோன்றும். அதைவிட அழிப்பது நல்லது. அடுத்தடுத்து இருவர் 52, 50 என்று மாற்றும்போது டேட்டாபேஸில் 50 கடைசியாக நிற்க, கேஷுக்கு 52 பிந்தி வந்து உட்கார்ந்துவிடலாம். அழிப்பதில் இந்தத் தகராறு இல்லை, யார் முந்தினாலும் மிஞ்சுவது காலி இடம்தான்.

நாங்களும் அழித்தோம். அப்புறம் எப்படி 38? திருநெல்வேலிக்காரரான எங்கள் சீனியர் அண்ணன், எது எப்போது நடந்தது என்று பதிவாகும் லாகைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "டெலீட் ஓடியிருக்கு தம்பி. அதுக்கப்புறம் யாரோ பழசைக் கொண்டுவந்து வெச்சிருக்காங்க, நேரத்தைப் பாரு."

பார்த்தேன். 6:02:11.340-க்கு ஒரு சர்வர் கேஷில் இல்லையென்று டேட்டாபேஸுக்குப் போய் 38-ஐ எடுத்திருக்கிறது. .352-இல் விலை 52 ஆனது, .355-இல் கேஷ் அழிந்தது. கையில் 38-ஐ வைத்துக்கொண்டு கொஞ்சம் தாமதித்த அந்த முதல் சர்வர், .371-க்கு அதைக் கேஷில் எழுதிவிட்டது. வெறும் 31 மில்லிசெகண்ட்! காலாவதி நேரமும் வைக்கவில்லை என்பதால் அடுத்த விலை மாற்றம் வரை அந்த 38 அசையாது.

இதற்கு ஃபேஸ்புக் பொறியாளர்கள் 2013-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் உள்ள வழி எனக்கு மிகவும் பிடிக்கும். தேடியது இல்லையென்றால் கேஷ் ஒரு டோக்கன் தரும். பிரதியை வைக்க வருகிறவர் அதைக் காட்ட வேண்டும், இடையில் யாராவது அழித்திருந்தால் டோக்கன் செல்லாது. எங்கள் 38 வாசலிலேயே நின்றிருக்கும்.

இன்னொரு ஓட்டையும் உண்டு: டேட்டாபேஸில் எழுதியதும் சர்வர் செத்துவிட்டால் அழிக்க ஆளில்லை. அதற்கு, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் தன் மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பின்லாகைப் (binlog) படித்து, கேஷில் அழிக்கும் தனி புரோகிராம் வைக்கலாம்.

நாங்கள் ஒவ்வொரு விலைக்கும் வெர்ஷன் எண் கொடுத்து, அழிக்கும்போதும் அந்த எண்ணை மட்டும் கேஷில் விட்டுவைத்தோம். அதைவிடப் பழைய எண்ணோடு வருவதை ரெடிஸ் ஏற்காதபடி, அதற்குள்ளேயே ஓடும் ஒரு சின்ன புரோகிராம் (லுவா ஸ்கிரிப்ட்). கூடவே 5 நிமிடக் காலாவதி. பில் போடும் இடம் மட்டும், முன்பு போலவே, நேராக டேட்டாபேஸைத்தான் கேட்கிறது.