விஸ்கியில் நாலு சொட்டுத் தண்ணீர் என்ன செய்கிறது?

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நல்ல ஸ்காட்ச் வருகிறதென்றால், பெரும்பாலும் அது விமானத்தில் வந்ததாகத்தான் இருக்கும். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்க்கும் நண்பன் லீவில் வரும்போது, கஸ்டம்ஸ் விடும் இரண்டு லிட்டருக்குள் வாங்கி வருவான். வந்த அன்று இரவே அது கோக்கில் கரைந்து போகும். இல்லையென்றால் வீராப்புக்கு ‘ராவாக’ உள்ளே இறங்கும். இரண்டிலுமே அந்தப் பாட்டிலுக்குக் கொடுத்த காசில் முக்கால்வாசி வீண்.

ஏன் என்று பார்க்கலாம். குறைந்தது 3 வருடம், 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே கிடந்தால்தான் அது ஸ்காட்ச். பாட்டிலில் அடைக்கும்போது ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது சட்டம். மீதியில் ஏறக்குறைய எல்லாமே தண்ணீர். நூற்றுக்கணக்கான வாசனை மூலக்கூறுகள் இருந்தாலும், எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டால் ஒரு சதவீதம் தேறாது. அந்தக் கொஞ்சத்துக்குத்தான் அவ்வளவு விலை. அதைப் பிடிக்க வேண்டியது மூக்கு. மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள்: கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, எரிச்சல், அவ்வளவுதான் மிஞ்சும். கையை எடுத்ததும் தொண்டையின் பின்வழியாக ஆவி மேலேறும். அப்போதுதான் வெனிலா, பழம், புகை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. விஸ்கியை எப்படி ருசி பார்ப்பது என்று சொல்லும் குறிப்புகளில் ‘அறை வெப்பநிலை’ என்று இருக்கும். அது குளிர் தேசத்து அறை, 20 டிகிரி. மே மாதம் மண்டபம் ஊரில் மின்விசிறிக்குக் கீழே இருப்பது 32-க்கும் மேலே. ஆல்கஹாலின் ஆவி அழுத்தம் 20 டிகிரியில் இருப்பதைவிட 32 டிகிரியில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆக கிளாஸில் மூக்கை வைத்த உடனே முதலில் வந்து அறைவது ஆல்கஹால்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டவனுக்கு வெனிலாவாவது, பழமாவது! இன்னொன்று: 40 சதவீத விஸ்கிக்கு மேலே நிற்கும் ஆவி 26 டிகிரி வாக்கிலேயே தீப்பற்றக் கூடியது. கிளாஸ் பக்கத்தில் கொசுவர்த்தியையும் மெழுகுவர்த்தியையும் வைக்காதீர்கள். கொசுவர்த்திப் புகை வாசனையைக் கெடுப்பது வேறு விஷயம். ஏசி இருந்தால் 22-ல் வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜின் கதவுப் பக்கம் வைத்து எடுத்தால் போதும். ஐஸ் வேண்டாம், குளிர் ஏற ஏற வாசனை மூலக்கூறுகள் ஆவியாவதே குறைந்துவிடும்.

வாயில் எரிவதற்குக் கதை வேறு. நம் நரம்புகளில் டிஆர்பிவி1 என்றொரு ஏற்பி இருக்கிறது. சுமார் 42 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலை. மிளகாயின் காரமும் அதே ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. ஆல்கஹால் பட்டால் அந்த 42 என்ற எல்லை சுமார் 34-க்கு இறங்கிவிடுகிறது என்று 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. வாயின் இயல்பான சூடே 37-ஐ ஒட்டி இருப்பதால், நம் சொந்தச் சூடே நம்மைச் சுடுகிறது. அந்த நேரம் பார்த்து மிளகாய்த்தூள் போட்டுப் பொரித்த நெத்திலியைச் சைடு டிஷ்ஷாக வைத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஒரே கதவை உடைக்கின்றன. நெத்திலி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ருசி பார்த்து முடித்த பிறகு வரட்டும். அதுவரை உப்பில்லாத பிஸ்கட்டோ வெறும் பொரியோ போதும்.

சரி, வாசனைக்கு வருவோம். ஒரு தடவை மண்டபத்தில் நண்பர் வீட்டு மாடியறையில் ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி ஒன்றை ஊற்றியிருந்தோம். புகைக்குப் பேர்போன தீவு அது. கருவாட்டு வியாபாரம் செய்யும் நண்பர் மோந்து பார்த்துவிட்டுக் கிளாஸைத் தள்ளி வைத்தார். “என்ன மாப்ள இது, ஆஸ்பத்திரியில பினாயில் போட்டுத் தொடச்ச மாதிரி அடிக்குது!” பக்கத்தில் சாயல்குடிக்காரர் ஒருவர்; பனங்காட்டுக்கு நடுவே வளர்ந்தவர். அவர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: “இல்லண்ணே, கருப்பட்டி காய்ச்சுற விடிலிக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு.”

இரண்டு பேர் சொன்னதும் சரி. முளைவிட்ட பார்லியைக் காயவைக்க, அந்தத் தீவில் பீட் என்ற மட்கிய சதுப்பு மண்ணைக் காயவைத்து எரிக்கிறார்கள். செடிகொடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஈரத்தில் முழுதாக மட்காமல் கிடந்து உண்டானது அது. தாவரத்தைக் கெட்டியாக்கும் லிக்னின் என்ற பொருள் அனலில் உடையும்போது குவாயகால், கிரெசால், பீனால் என்ற மூலக்கூறுகள் புகையோடு கிளம்பிப் பார்லியின் உமியில் ஒட்டிக்கொள்கின்றன. வடித்து, பீப்பாயில் போட்டு, வருடக்கணக்கில் வைத்தாலும் அவை போவதில்லை. பனை ஓலையையும் மட்டையையும் போட்டு அடுப்பெரித்தால் அதிலும் லிக்னின் உடைகிறது, அதே குவாயகால் வருகிறது. கருப்புப் பினாயிலில் இருப்பதோ கரித்தாரிலிருந்து எடுக்கும் கிரெசால், பீனால் வகையறா. கருவாட்டுக்காரர் கிரெசாலைப் பிடித்தார், சாயல்குடிக்காரர் குவாயகாலைப் பிடித்தார். கூடவே ஒரு தேங்காய் வாசனையும் சில விஸ்கியில் வரும். அது ஓக் மரத்தில் இருக்கும் லாக்டோன் என்ற பொருளின் வேலை. அமெரிக்க ஓக்கில் தூக்கலாக இருக்கும். தென்னந்தோப்புக்குள் இருக்கும் உச்சிப்புளிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது தண்ணீர். குவாயகாலுக்கு ஆல்கஹாலோடு ஒட்டுதல் அதிகம். ஸ்வீடனில் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் 2017-ல் இதைக் கம்ப்யூட்டரில் மூலக்கூறு மூலக்கூறாக ஓட்டிப் பார்த்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருந்தால், குவாயகாலைச் சுற்றி ஆல்கஹால் மொய்த்துக்கொண்டு திரவத்துக்குள்ளேயே இழுத்து வைத்திருக்கிறது. 45-க்குக் கீழே இறங்கினால் ஆல்கஹால் மேற்பரப்பை நோக்கிப் போகிறது, குவாயகாலும் அதோடு மேலே வந்து நிற்கிறது. மேலே நிற்பதுதான் காற்றில் கலக்கும். பீப்பாயிலிருந்து தண்ணீர் சேர்க்காமல் அடைத்த 58 சதவீத விஸ்கி 30 மில்லியில் 10 மில்லி தண்ணீர் விட்டால் 43-க்கும் 44-க்கும் நடுவில் வந்துவிடும். அந்த ரகத்துக்கு ‘ராவா’ என்பது வாசனையைப் பூட்டி வைத்துக் குடிப்பதுதான்.

ஆனால் கம்ப்யூட்டர் பார்த்தது ஒரே ஒரு மூலக்கூறை. யாரும் மூக்கை வைத்துப் பார்க்கவில்லை. 2023-ல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 25 விஸ்கிகளில் படிப்படியாகத் தண்ணீர் சேர்த்து, மேலே வரும் ஆவியை அளந்தார்கள், அவற்றில் ஆறை ஆட்களை வைத்து மோந்தும் பார்த்தார்கள். புகை வாசனையுள்ள ஸ்காட்ச், தண்ணீர் கூடக் கூட ஆப்பிள் போன்ற பழ வாசனைக்கு நகர்ந்தது. தண்ணீர் பிடிக்காத மூலக்கூறுகள் மேலே தப்பி ஓட, பிடித்தவை உள்ளேயே தங்கிவிடுகின்றன என்பது அவர்கள் விளக்கம். சேர்த்த தண்ணீர் கலவையில் 20 சதவீதம் ஆகும் வரை ஒவ்வொரு விஸ்கிக்கும் தனி முகம் இருந்தது. அதைத் தாண்டினால் ஒரே வகை விஸ்கிகள் எல்லாம் ஒன்றுபோல மணக்க ஆரம்பித்தன. இந்த இரண்டில் எனக்கு மோந்து பார்த்தவர்கள் பேச்சில்தான் நம்பிக்கை. 30 மில்லிக்கு ஏழரை மில்லி தண்ணீர்தான் எல்லை. அதற்கு மேல் போய் ஒன்றுக்கு மூன்றாகச் சோடா ஊற்றிவிட்டு ‘இது பன்னிரண்டு வருஷத்துச் சரக்கு’ என்று பெருமை பேசுவதில் அர்த்தமில்லை.

எந்தத் தண்ணீர் என்பதும் இந்தப் பக்கத்தில் சாதாரணக் கேள்வி இல்லை. கடலோரத்தில் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதை ஊற்றினால் விஸ்கியில் கேட்பது உப்புதான். சுத்திகரித்த கேன் தண்ணீரே போதும். சொட்டுச் சொட்டாக விட மருந்துக் கடையில் கிடைக்கும் ஊசி போடாத சிரிஞ்ச் வசதி. மில்லி கணக்கும் தெரியும். சில பாட்டில்களில் தண்ணீர் பட்டதும் லேசாகக் கலங்கும். கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். ஆல்கஹாலில் கரைந்திருந்த கொழுப்பு அமில எஸ்டர்கள் தண்ணீரில் கரைய முடியாமல் ஒன்றுகூடுகின்றன.

கிளாஸ், வாய் குறுகியதாக இருக்கட்டும். புகை வாசனையுள்ளதைக் கடைசியில் வையுங்கள். அது மூக்கில் ஏறிவிட்டால் அப்புறம் மென்மையானது எதுவும் பிடிபடாது. பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி எண் போட்டுவிடுவது நல்லது. லேபிளையும் நிறத்தையும் பார்த்த மூளை மூக்கின் பேச்சைக் கேட்காது. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிரான்சின் போர்டோ நகரில் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 பேரிடம் கொடுத்தபோது, சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளைக்கொண்டே வர்ணித்தார்கள். ஸ்காட்ச்சிலும் நிறத்துக்குக் கேரமல் சேர்க்கச் சட்டத்தில் இடமுண்டு. கருத்திருந்தால் வயது கூடியது என்று எண்ணிவிட வேண்டாம்.

ஆளுக்கு ஒன்றில் 15 மில்லி, நாலு வகை என்றால் மொத்தம் 60 மில்லி. எல்லாம் 40 சதவீத ரகமானால் அதில் சுத்த ஆல்கஹால் 24 மில்லி. ஈரல் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 10 மில்லி வீதம்தான் எரிக்கும். மோரோ எலுமிச்சைச் சாறோ அந்த வேகத்தைக் கூட்டுவதில்லை. பாம்பன் பாலம் தாண்டிப் போக வேண்டியவர்களுக்கு முன்கூட்டியே மாடியில் பாய் எடுத்து வைத்துவிடுங்கள்.