காக்கா ஏன் தாத்தா ஆகிறது?

பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளையைக் கூட்டி வரும் பெற்றோரும் அம்மாயிகளும் பெரும்பாலும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "நாக்கு பொரள மாட்டேங்குதுங்க." எந்த எழுத்து வரவில்லை என்று கேட்டால், "எல்லாமேதாங்க." எல்லாமே இருக்காது. பொறுமையாகக் கேட்டால் சிக்கல் பெரும்பாலும் நாலைந்து ஒலிகளில்தான் இருக்கும், அவையும் ஒரே குடும்பத்து ஒலிகளாக இருக்கும்.

குடும்பத்தைக் கண்டுபிடிக்க நாங்கள் மெய்யொலி ஒவ்வொன்றையும் மூன்று விதமாகப் பார்க்கிறோம். காற்று வாயில் எந்த இடத்தில் தடைபடுகிறது, எப்படித் தடைபடுகிறது, அப்போது குரல்வளை அதிர்கிறதா?

இடம் என்பது நீங்கள் ஒன்றாம் வகுப்பிலேயே படித்ததுதான். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம என்று சொல்லிப் பாருங்கள். அடிநாக்கில் தொடங்கி உதட்டில் வந்து முடியும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் க, ங-வுக்கு முதல்நா, ச, ஞ-வுக்கு இடைநா, ட, ண-வுக்கு நுனிநா என்று சோடி சோடியாகவே சொல்கிறது. சோடிக்குள் இடம் ஒன்று, காற்று போகும் வழி வேறு. ப-வில் உதடு மூடிக் காற்று அடைபட்டு வெடிக்கிறது. ம-வில் அதே உதடு மூடியிருக்க, காற்று மூக்கு வழியாகப் போகிறது. ஸ-வில் உரசுகிறது, ல-வில் நாக்கின் ஓரங்களில் நழுவுகிறது, ழ-வில் நாக்கு மடிந்தும் எதையும் தொடுவதில்லை.

அதிர்வுக்குத் தொண்டையில் கை வைத்து "ஸ்ஸ்ஸ்" என்றும் "ம்ம்ம்" என்றும் சொன்னால் போதும். நம் எழுத்து இதைக் காட்டாது. 'பம்பரம்' என்பதில் இரண்டு ப, முதலாவதில் அதிர்வில்லை, இரண்டாவதில் உண்டு. அதனால் நான் எழுத்தைக் கேட்பதில்லை, ஒலியைத்தான் கேட்கிறேன். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்றும் கேட்பேன். சேலத்தில் தெலுங்கு, சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் ஏராளம், அந்த மொழிகளில் சொல்லின் முதலிலேயே இந்த அதிர்வு பொருளை மாற்றிவிடும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். 'காக்கா' தாத்தா ஆகிறது, 'அக்கா' அத்தா ஆகிறது, 'கை' தை ஆகிறது. காற்றை அடைத்து வெடிக்க விடுவது சரி, அதிர்வில்லாததும் சரி. இடம் மட்டும் முன்னால் வந்துவிட்டது. அடிநாக்கு செய்ய வேண்டியதை நுனிநாக்கு செய்கிறது. சொல்லுக்குச் சொல் புதுப் பிழை அல்ல, ஒரே பிழை. இந்தப் பிள்ளைக்கு "நாக்கடியில நரம்பை வெட்டிவிடலாமா" என்று கேட்கிறார்கள். தாத்தா என்று தெளிவாகச் சொல்லும் பிள்ளையின் நுனிநாக்கு நன்றாகவே வேலை செய்கிறது! வசம்பும் தேனும் தேய்ப்பதாலும் ஒலி வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட.

ர தாமதமாக வரும் ஒலி. 'மரம்' என்பதில் ர-வுக்கு ல போட்டுவிடும் பிள்ளையைச் சுற்றி நின்று சிரிக்காதீர்கள். சிரிப்புக்குப் பயந்து வாயே திறக்காமல் போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ழ-வுக்காக மட்டும் கூட்டி வராதீர்கள். கூட்டி வரும் அப்பாவே "வாளப்பளம்" என்றுதான் சொல்வார். அது பேச்சுவழக்கு, குறைபாடு இல்லை.

எனக்குக் கவலை தருவது வேறு. 'பாப்பா' என்பது மாமா போலக் கேட்டால், இடம் சரியாக இருக்கிறது, காற்று மட்டும் மூக்குக்குப் போகிறது. மூக்கின் கீழே சிறு கண்ணாடி பிடித்து "பாப்பாப்பா" சொல்லச் சொல்லுங்கள். ஆவி படிந்தால் மேலண்ணத்தை மருத்துவர் பார்க்க வேண்டும்; சவ்வு மூடிய பிளவு வெளியே தெரியாமலும் இருக்கும். சளியோடு ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் பிள்ளைக்கு நேர்மாறு: மூக்கடைத்து ம-வே அதிரும் ப ஆகியிருக்கும். அது சளியோடு போய்விடும். சளியில்லாமலும் அப்படியே இருந்தால் மூக்கின் பின்புறச் சதை வளர்ச்சியைச் சோதிக்க வேண்டும்.

ச, ஸ போன்ற உரசொலிகள் மட்டும் காணாமல் போனால் முதலில் காதைச் சோதியுங்கள். அவை மெலிந்த, உச்சத் தொனியில் வரும் ஒலிகள். "கூப்பிட்டா திரும்பறானே" என்பது பதில் ஆகாது. உயிரொலிகள் உரக்கக் கேட்பதால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பத்தான் செய்வான். உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு 'பாடு', 'மாடு' இரண்டும் ஒன்றுதான். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

நான்கு வயதில் வெளியாட்களுக்கும் பேச்சு பெரும்பாலும் புரிய வேண்டும். புரியவில்லையென்றால் வரும் முன் ஒரு வேலை செய்யுங்கள்: விளையாடும்போது பிள்ளை பேசுவதைப் போனில் பதிவு செய்து, எந்தச் சொல்லை எப்படிச் சொல்கிறது என்று பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்.