விவாகரத்துத் தீர்ப்பை ஃபோனில் வைத்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பாதீர்கள்

இந்த மாதமும் ஓர் அழைப்பு, கோயம்புத்தூரிலிருந்து. அடுத்த வாரம் கல்யாணம். முதல் திருமணம் அமெரிக்காவில் விவாகரத்தாகி முடிந்துவிட்டதற்குத் தீர்ப்பு நகல் கொண்டு வாருங்கள் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கையில் இருப்பது எப்போதோ வாட்ஸாப்பில் வந்த முதல் பக்கத்தின் ஃபோட்டோ. "நாளைக்கே போய் வாங்கி ஸ்கேன் பண்ணி அனுப்பிடுங்க அக்கா, எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை." வாங்கித் தரலாம். ஆனால் ஸ்கேன் செய்து அனுப்பினால் அது இன்னொரு ஃபோட்டோ, அவ்வளவுதான்.

நான் வழக்கறிஞர் இல்லை. கலிஃபோர்னியாவில் கவுன்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) பதிவு செய்துகொண்டு சட்ட ஆவண உதவியாளராக வேலை பார்க்கிறேன். படிவம் நிரப்பித் தருவது, தாக்கல் செய்வது, நகல் வாங்குவது என் வேலை. சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. ஆனால் எந்தக் காகிதத்தை எந்த கவுன்டரில் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். இங்கே வந்து விவாகரத்து வாங்கிய நம்மவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் தெரியவில்லை.

முதலில், அமெரிக்கா முழுவதற்கும் ஒரே தேடல் தளம் கிடையாது. இந்தியாவில் ஈகோர்ட்ஸ் தளத்தில் வழக்குக்குரிய சிஎன்ஆர் எண்ணைத் தட்டினால் எந்த மாவட்ட நீதிமன்ற வழக்கும் வந்து நிற்கும். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் தேடுகிறார்கள். கூகுள் அவர்களைப் பேசரில் கொண்டுபோய் விடுகிறது. பேசர் ஃபெடரல் நீதிமன்றங்களுக்கானது. விவாகரத்து, வாடகைத் தகராறு, கடன் வழக்கு, ஸ்மால் கிளெய்ம்ஸ் என்ற சிறுதொகை வழக்கு எல்லாம் மாநில நீதிமன்றங்களில் நடப்பவை. கலிஃபோர்னியாவில் 58 கவுன்டிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுப்பீரியர் கோர்ட். வழக்கு எங்கே நடந்ததோ அந்த கவுன்டியில்தான் கோப்பு இருக்கும். நீங்கள் அப்புறம் ஃப்ரீமான்ட்டிலிருந்து டல்லாஸுக்குக் குடிபோனாலும் கோப்பு உங்களோடு வராது.

அதே கவுன்டிக்குள்ளும் தப்பான வாசலில் போய் நிற்கிறவர்கள் உண்டு. கல்யாணச் சான்றிதழ் கொடுத்த கிளர்க்-ரெக்கார்டர் அலுவலகத்திலேயே விவாகரத்துத் தீர்ப்பும் கிடைக்கும் என்று நினைக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் கிடைக்காது; அது சுப்பீரியர் கோர்ட் கிளர்க்கிடம். மாநில சுகாதாரத் துறைக்கு எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்களும் உண்டு. அங்கே 1962 முதல் 1984 ஜூன் வரையிலான விவாகரத்துகளுக்கு மட்டும் ஒரு பதிவுச் சான்று தருவார்கள், அதுவும் தீர்ப்பின் நகல் ஆகாது. மற்ற மாநிலங்களில் கதை வேறு. டெக்சஸில் டிஸ்ட்ரிக்ட் கிளர்க். நியூஜெர்சியில் டிரென்டனில் உள்ள சுப்பீரியர் கோர்ட் ஆவண மையம். நியூயார்க்கில் விவாகரத்து வழங்குவது சுப்ரீம் கோர்ட், பதறாதீர்கள், அங்கே விசாரணை நீதிமன்றத்துக்கே அந்தப் பெயர்தான். கோப்பு கவுன்டி கிளர்க்கிடம் இருக்கும். அந்த மாநிலத்தில் விவாகரத்துக் கோப்புகள் மூடப்பட்டவை. கணவன், மனைவி, அவர்களுடைய வழக்கறிஞர்கள் தவிர வேறு யாருக்கும் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காட்ட மாட்டார்கள்.

சரி, இப்போது என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: நோட்டரி.

நம் ஊரில் நோட்டரி அசலைப் பார்த்துவிட்டு நகலில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவார். அதே நினைப்பில் இங்கே தபால் கடை நோட்டரியிடம் தீர்ப்பின் ஜெராக்ஸை நீட்டுகிறார்கள். கலிஃபோர்னியா நோட்டரிக்கு நீதிமன்ற ஆவணத்தின் நகலைச் சான்றளிக்கும் அதிகாரமே கிடையாது. பவர் ஆஃப் அட்டர்னியின் நகலுக்குச் சான்று தரலாம், தன் சொந்தப் பதிவேட்டின் நகலைத் தரலாம். அதோடு சரி. அப்படியும் விடாப்பிடியாக நின்றால் என்ன நடக்கும்? "இது உண்மையான நகல் என்று நான் உறுதி கூறுகிறேன்" என்று நீங்களே ஒரு தாள் எழுதி, அதில் நீங்கள் போட்ட கையெழுத்துக்கு நோட்டரி முத்திரை குத்துவார். அதை சேக்ரமென்டோவில் உள்ள மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அனுப்பினால், வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசுச் சான்றான அப்போஸ்டிலும் அழகாக ஒட்டி வரும்! அந்த அப்போஸ்டில் சொல்வது, இந்த நோட்டரியின் கையெழுத்து உண்மையானது என்பதை மட்டும். உங்கள் தீர்ப்பைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. பணமும் போய், இரண்டு வாரமும் போய், ஊரில் அதிகாரி திருப்பி அனுப்பிய பிறகு என்னிடம் வருகிறார்கள். வந்த பிறகும், "அப்போஸ்டில் இருக்கே, அப்புறம் என்ன?" என்று என்னிடமே வாதாடுகிறார்கள்.

இதற்கு அடுத்தது 'ஃபைல்டு' முத்திரை. வழக்கு முடிந்ததும் உங்களுக்குத் தபாலில் வந்த பிரதியில் தேதியோடு அந்த முத்திரை இருக்கும். அந்தக் காகிதம் நீதிமன்றத்தில் தாக்கலாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். சான்றிட்ட நகல் என்றால், கோப்பில் உள்ள அசலின் சரியான நகல் இது என்ற வாசகம், கிளர்க்கின் கையெழுத்து, தேதி, நீதிமன்ற முத்திரை எல்லாம் வேண்டும். பல இடங்களில் விரலால் தடவினாலே தட்டுப்படும் அழுத்த முத்திரை அது. இன்னொன்று, ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று அதன் ஸ்டேப்பிளைப் பிரிக்காதீர்கள். பிரித்து மறுபடி அடித்தால், ஏதோ பக்கத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத் திருப்பிவிடுவார்கள்.

இதெல்லாம் குமாஸ்தாத்தனமான பிடிவாதம் என்று சிலர் சொல்கிறார்கள். 1991இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் இதையே அலசியிருக்கிறது. திருப்பதியில் நடந்த ஒரு திருமணத்தை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கவுன்டி நீதிமன்றம் விவாகரத்து கொடுத்து முடித்திருந்தது. அந்தத் தீர்ப்பின் நகலில் அங்குள்ள டெபுடி கிளர்க்கின் சான்று இருந்தது. இருந்தும், சாட்சியச் சட்டம் 86ஆவது பிரிவு கேட்கும் இந்திய அரசுப் பிரதிநிதியின் சான்று இல்லாததால் அதை ஏற்க முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் பெரிய கேள்வி வேறு: வெளிநாட்டு விவாகரத்து இந்தியாவில் எப்போது செல்லும் என்பது. அதற்கான பதிலை உங்கள் ஊர் வக்கீலிடம் கேளுங்கள். 2005 முதல் இந்தியாவும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் புதிய சட்டமும் வந்துவிட்டது. ஆகவே அப்போஸ்டில் போதுமா, தூதரகச் சான்றும் வேண்டுமா என்பதையும் அவரிடமே, நீங்கள் விமானம் ஏறும் முன் கேளுங்கள்.

தேடுவதில் நம் பெயர்களே பெரிய தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் உள்ளவருக்கு விசாவில் 'எஃப்என்யு' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டிருப்பார்கள். மனுவில் அதையே முதல் பெயராக அடித்திருந்தால் நீதிமன்ற அட்டவணையிலும் அப்படித்தான் ஏறியிருக்கும். அப்பா பெயர் கடைசிப் பெயராக ஒரு வழக்கில், நடுப்பெயராக இன்னொன்றில். சுப்ரமணியன் ஒரு இடத்தில் 'ன்' என்று முடிவார், இன்னொரு இடத்தில் 'ம்' என்று முடிவார். பெயரை மாற்றிப் போட்டுத் தேடுங்கள், எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடுங்கள். கிளர்க்கையே தேடச் சொன்னால், கலிஃபோர்னியாவில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும் ஒவ்வொரு பெயருக்கும் 15 டாலர்.

வழக்கெண் கிடைத்ததும், "ஆன்லைனில் தீர்ப்பைத் திறக்கவே முடியவில்லை, அழித்துவிட்டார்களா?" என்று கேட்பார்கள். அழிக்கவில்லை. சிவில் வழக்கு ஆவணங்களை வீட்டிலிருந்தே பார்க்க நீதிமன்றங்கள் வசதி செய்யலாம். குடும்ப வழக்கு ஆவணங்களைப் பொதுமக்கள் நீதிமன்றக் கட்டடத்தில்தான் பார்க்க முடியும் என்பது கலிஃபோர்னியா விதி. சான்டா கிளாரா கவுன்டியில் வழக்கெண்ணைப் பார்த்தாலே தெரியும்: ஆண்டுக்குப் பின் 'சிவி' என்றால் சிவில், 'எஃப்எல்' என்றால் குடும்பம். வீட்டுக்காரர் வாடகைதாரர் மேல் போட்ட காலி செய்யும் வழக்கை முதல் 60 நாள்களில் பொதுவில் யாரும் பார்க்க முடியாது. ஆக, திரையில் வரவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

கலிஃபோர்னியாவில் நீங்கள் கேட்க வேண்டியது எஃப்எல்-180 என்ற தீர்ப்புப் படிவம், இணைப்புகளோடு எல்லாப் பக்கங்களும். கூடவே தீர்ப்பு பதிவானதாக அறிவிக்கும் எஃப்எல்-190. 180இன் மேற்பகுதியில் ஒரு பெட்டியில் திருமண நிலை முடியும் தேதி இருக்கும். அதைப் படியுங்கள், தயவுசெய்து. நீதிபதி கையெழுத்திட்ட நாளும் அந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எதிர்த்தரப்பின் கையில் மனு முறைப்படி சேர்ந்தோ அவர் வழக்கில் ஆஜராகியோ குறைந்தது ஆறு மாதம் ஆன பிறகுதான் திருமணம் முடியும். கையெழுத்து விழுந்ததும் ஊரில் முகூர்த்தம் குறித்து, இங்கே இன்னும் திருமணமானவராகவே இருந்தவரை நான் பார்த்திருக்கிறேன். பிறகு மனைவிக்குக் கிரீன் கார்டு போடும்போது இந்த இரண்டு தேதிகளையும் அதிகாரி பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்.

செலவு ஒன்றும் பெரிதில்லை. விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் 15 டாலர். மற்ற சிவில் ஆவணங்களுக்குச் சான்று 40 டாலர், பக்கத்துக்கு 50 சென்ட் தனி. மாநிலச் செயலரின் அப்போஸ்டில் 20 டாலர். இரண்டு நகலாக வாங்குங்கள். அப்போஸ்டிலுக்காக என்று கவுன்டரிலேயே சொல்லிவிடுங்கள், யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். 'விவாகரத்துச் சான்றிதழ் உடனடியாக' என்று நூற்றுக்கணக்கில் டாலர் கேட்கும் தனியார் தளங்கள் பக்கமே போகாதீர்கள்.

ஏற்கெனவே ஊருக்குப் போய்விட்டவர்கள் எனக்கு ஃபோன் செய்யும் முன் இங்கிருக்கும் ஒரு நண்பரிடம் கேளுங்கள். கலிஃபோர்னியாவில் விவாகரத்துக் கோப்பு பொதுவாகப் பொது ஆவணம். வழக்கெண்ணோடு போனால் நண்பரே வாங்கலாம், பவர் எழுதித் தரத் தேவையில்லை. தபாலில் கேட்பதென்றால் அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய, முகவரி எழுதிய உறையும் காசோலையும் வைக்க வேண்டும். தொகை தெரியாவிட்டால் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று காசோலையில் எழுதி அனுப்புவதைப் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன. பழைய கோப்பு வெளியூர்க் கிடங்கில் இருந்தால் வரவழைக்கவே வாரங்கள் ஆகும். முகூர்த்த நாளைக் குறிக்கும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.