சாத்திய உலகு: சொல் விளக்கம்

1968 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹம்ஃப்ரி நிக்சனிடம் தோற்றார். தோற்றது தெரிந்தும் 'ஹம்ஃப்ரி வென்றிருக்கலாம்' என்கிறோம். அது பொய்யும் இல்லை. நடக்காத ஒன்றைப் பற்றிய பேச்சு எதனால் உண்மையாகிறது? அவர் வென்ற சாத்திய உலகு ஒன்று உண்டு, அதனால் என்பது மெய்யியலார் தரும் ஒரு விடை. உலகு என்பது இங்கே பூமியோ வேறு கோளோ அல்ல. இடம், காலம் அனைத்தும் அடங்கிய முழுமை. ஏதேனும் ஓர் உலகில் உண்மையானால் சாத்தியம். எல்லா உலகிலும் உண்மையானால் அவசியம்.

ஜெர்மன் மெய்யியலார் லைப்னிட்ஸ் 1710இல், சாத்திய உலகுகளில் சிறந்ததையே கடவுள் படைத்தார் என்று எழுதினார். மற்றவை அவருக்குக் கடவுளின் எண்ணத்தில் மட்டும் இருப்பவை. 1959 முதல் அமெரிக்க மெய்யியலார் சால் கிரிப்கி இதைத் தருக்கத்தின் கருவியாக்கினார்.

கருவி என்ற அளவில் சண்டையில்லை. அவ்வுலகுகள் எந்த வகையில் இருக்கின்றன என்பதில்தான் சண்டை. மெய்யியலார் டேவிட் லூயிஸ் 1986இல், அவ்வுலகுகளும் நம்முடையதைப் போலவே கல்லும் மண்ணுமாக இருக்கின்றன, ஒன்றுக்கொன்று இட, காலத் தொடர்பு மட்டும் இல்லை என்று விரிவாக வாதிட்டார். அப்படியானால் அங்கே வென்றவர் ஹம்ஃப்ரி அல்லர், அவரை ஒத்த ஒரு நேரிணை. தன்னைப் போன்ற இன்னொருவர் வென்றதில் ஹம்ஃப்ரிக்கு என்ன அக்கறை என்று, லூயிஸின் முந்தைய எழுத்தைக் குறித்து 1970இலேயே கேட்டிருந்தார் கிரிப்கி. உலகுகள் நாம் வகுத்துக்கொள்பவை, தொலைநோக்கியில் கண்டுபிடிப்பவை அல்ல என்பது அவர் நிலை. இன்னொரு மெய்யியலாரான பிளான்டிங்காவுக்கு அவை கல்லும் மண்ணுமல்லாத அருவப் பொருள்கள், அவற்றுள் நடப்பாவது ஒன்றே.

லூயிஸை எளிதில் தள்ளிவிட முடியாது. உலகு என்பது முரணற்ற வாக்கியங்களின் தொகுதி என்று சொல்லிப் பாருங்கள். 'முரணற்ற' என்றால் 'ஒருசேர உண்மையாக இருக்க முடிந்த'. விளக்க வேண்டிய சாத்தியம் விளக்கத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. லூயிஸின் உலகுகளுக்கு அந்தச் சுழற்சி இல்லை. இதற்குப் பதில் வைத்திருப்பவரே அவரை மறுக்கலாம்.

குவாண்டம் இயற்பியலில் எவரெட் 1957இல் முன்வைத்த, உலகு பல கிளைகளாகப் பிரிகிறது என்ற கருத்து வேறு: அங்கே கிளைகள் அனைத்துக்கும் ஒரே இயற்கை விதிகள். லூயிஸின் உலகுகளில் விதிகளே மாறலாம்.

தமிழில் எப்படிச் சொல்வது? 'சாத்தியம்' வடசொல். மணிமேகலையின் அளவைப் (தருக்கம் பேசும்) பகுதியில் அது 'நிறுவப்பட வேண்டியது' என்ற பொருளில் வருகிறது: புகையைக் கண்டு தீயை நிறுவினால், தீயே சாத்தியம். பொது வாசகருக்கு எழுதும்போது இதனால் குழப்பம் நேராது. அளவையியலும் இதுவும் ஒரே கட்டுரையில் வந்தால் 'இயலும் உலகு' நல்லது. 'நிகழ்தகவு' கணக்கிடும் அளவைக் குறிப்பது, இங்கே பொருந்தாது. நாம் வாழும் உலகை 'நடப்பு உலகு' என்க. 'மெய் உலகு' என்றால் மற்றவை மெய்யல்ல என்று வாதம் தொடங்கும் முன்பே தீர்ப்பெழுதியதாகிவிடும். லூயிஸுக்கு எல்லாமே மெய், 'நடப்பு' என்பது 'இங்கே' போலப் பேசுபவர் இருக்கும் உலகைச் சுட்டும் சொல்.