மெய்நிகர் கோப்புறையா, நிலைத்தேடலா?

மின்னஞ்சல் மென்பொருள்களில் 30 நாளுக்கு மேற்பட்ட மடல்களைத் தானாகத் திரட்டிக் காட்டும் ஃபோல்டரைத் தமிழில் விளக்குபவர்கள் பலர் அதற்கு ‘மெய்நிகர் கோப்புறை’ என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். கேட்க அழகான சொல்தான். ஆனால் அதை நம்பினால் மடல் தொலையும்.

முதலில் வேர். ஃபோல்டர் என்பது மடிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. தாள் வைக்கும் மடித்த அட்டை. ஃபைல், நூலைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழி வந்தது. அக்காலத்தில் தாள்களை நூலில் கோத்து வைத்தார்கள். நம் ‘கோப்பு’ம் கோத்தலில் பிறந்ததே. ஆகவே கோப்புறையோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை மெய்நிகரோடு. மெய்க்கு நிகரானது, ஆனால் மெய்யல்ல என்பது அதன் பொருள். கண்ணாடி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் உலகத்துக்கு அது கச்சிதம்: அங்கே குவளையை உடைத்தால் வீட்டுக் குவளை உடையாது. இங்கே உடையும். தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இந்த ஃபோல்டருக்குள் ஒரு மடலை அழித்தால், இன்பாக்ஸில் இருக்கும் அதே மடல்தான் குப்பைக்குப் போகிறது. ஃபோல்டரையே நீக்கினால் மடல்களுக்கு ஒன்றும் ஆகாது. மெய்யல்லாதது ஃபோல்டர் மட்டும்; உள்ளே தெரியும் மடல்கள் மெய்யானவை. பெயரோ எல்லாமே நகல் என்று எண்ணவைக்கிறது. ‘நகல்தானே’ என்று மொத்தமாகத் தேர்ந்து அழிப்பவரைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆங்கிலத்திலேயே இந்தப் பெயர் நிலைக்கவில்லை. எவல்யூஷன் என்ற மின்னஞ்சல் மென்பொருள் முதலில் ‘விஃபோல்டர்’ (வர்ச்சுவல் ஃபோல்டர், அதாவது மெய்நிகர் கோப்புறை) என்றது, பிறகு ‘சர்ச் ஃபோல்டர்’ என்று மாற்றிக்கொண்டது. அவுட்லுக் 2003 வந்தபோதே சர்ச் ஃபோல்டர்தான். தண்டர்பேர்டில் ‘சேவ்டு சர்ச்’. அவர்கள் கைவிட்டதை நாம் ஏன் சுமக்க வேண்டும்? ‘தேடல் கோப்புறை’ பரவாயில்லை, ஆனால் தேடுவதற்கான இடமா, தேடிக் கிடைத்ததா என்ற மயக்கம் உண்டு. ‘சேமித்த தேடல்’ என்றால் அன்று கிடைத்த விடையைப் பத்திரப்படுத்தியதுபோல் ஒலிக்கிறது. சேமிக்கப்படுவது கேள்வி, விடை ஒவ்வொரு முறையும் புதிது. அதனால் என் தேர்வு ‘நிலைத்தேடல்’. தொழிற்சாலைகளில் ‘நிலையாணை’ என்கிறோமே, அதே நிலை.

இன்னொரு உறுத்தல், மடல் எத்தனை நாள் பழையது என்ற நிபந்தனைக்கு வைக்கும் ‘செய்தியின் வயது’ என்ற பெயர். தூய தமிழ் வேண்டுமென்று அதை ‘அகவை’ ஆக்குபவர்களும் உண்டு. நோய் ஒன்று, மருந்து வேறு. மடலுக்கு வயதில்லை, மடல் நாட்பட்டது. ‘வயது 30ஐ விடப் பெரியது’ என்பது சூழலைப் பார்க்காமல் துண்டு துண்டாக மொழிபெயர்ப்பவரின் தமிழ். ‘30 நாளுக்கு மேல்’ என்றால் முடிந்தது. நாள் என்ற சொல்லுக்கு இங்கே வேலையும் இருக்கிறது: நிபந்தனையில் தேதியைக் கொடுத்தால் எல்லை அசையாது, நாள் கணக்கைக் கொடுத்தால் எல்லை தினமும் நகரும். பழைய மடல்களைச் சுத்தம் செய்ய நமக்கு வேண்டியது இரண்டாவது.

தண்டர்பேர்டில் அமைக்கும்போது: ஃபைல் மெனுவில் நியூ, அதில் சேவ்டு சர்ச். எந்தெந்த ஃபோல்டர்களில் தேடுவது என்று தேர்ந்தெடுங்கள். குப்பையையும் சேர்த்தால் அழித்தவை திரும்பத் தலைகாட்டும். ‘ஏஜ் இன் டேஸ்’ நிபந்தனையில் 30க்கு மேல் என்று கொடுங்கள். அனுப்புநர் நிபந்தனையும் சேர்த்தால் ‘எல்லாவற்றுக்கும் பொருந்துவது’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ‘ஏதேனும் ஒன்று’ என்று விட்டால் பழைய மடல் அத்தனையும் வந்து குவியும். அவுட்லுக்கில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். அதில் ‘ஓல்டு மெயில்’ ஆயத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒரு நிலைத்தேடல் ஒரே தரவுக்கோப்புக்குள்தான் தேடும், மடல்களைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்புகள் இரண்டு இருந்தால் ஒன்றைத் தாண்டி மற்றதற்குள் போகாது.

ஜிமெயிலின் வடிகட்டியையும் (ஃபில்டர்) ‘மெய்நிகர் கோப்புறை’ என்றே சிலர் அழைக்கிறார்கள். அது வேறு. வடிகட்டி மடல் வந்து சேரும் கணத்தில் வேலை செய்வது. அந்தக் கணத்தில் எந்த மடலும் நாட்பட்டதாக இருக்காது.