படத்திறப்புக்கு முன்னால் எடுக்க வேண்டிய படம்

காவிரிப் படுகையின் ஊர்களில் ஒரு வீட்டுப் பெரியவர் காலமானால், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அந்த வீட்டிலிருந்து ஒருவர் எங்கள் ஸ்டுடியோவின் படியேறி வருவார். பதினாறாம் நாள் காரியத்தன்று படத்திறப்பு வைத்திருப்பார்கள். அதற்குள் மாலை போடத்தக்க அளவில் ஒரு படம் வேண்டும். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தத் தொழிலைச் செய்துவரும் எனக்கு, அவர் எதைக் கொண்டு வந்திருப்பார் என்பது பெரும்பாலும் கேட்காமலே தெரிந்துவிடும். ஆதார் அட்டையின் நகல், வாக்காளர் அட்டை, அதுவும் இல்லையென்றால் யாருடைய கல்யாணத்திலோ நான்காவது வரிசையில் பாதி முகம் மறைய நின்றபோது எடுத்த ஒரு குழுப்படம். அதே வீட்டுக் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கும். பிள்ளைகளின் பிறந்தநாள் இருக்கும், புது வண்டிக்குப் பூசை போட்டது இருக்கும், பிரியாணித் தட்டுகூட இருக்கும். ஆனால் அறுபது ஆண்டுகள் அந்த அடுப்படியில் நின்ற மனுஷி இருக்க மாட்டார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்படி வந்த ஒரு வேலையில் நான் செய்த தவற்றை இங்கே சொல்லியாக வேண்டும். மூதாட்டி ஒருவரின் அடையாள அட்டைப் படம்தான் என்னிடம் கொடுக்கப்பட்டது. முகத்தை வெட்டியெடுத்து, சுருக்கங்களைத் துடைத்து, நிறத்தை இரண்டு படி வெளுக்க வைத்து, வேறொரு பெண்மணியின் பட்டுப்புடவை உடம்பில் அந்தத் தலையைப் பொருத்தி, பின்னால் நீல வானத்தையும் வைத்துக் கொடுத்தேன். அன்றைக்கு அது எங்கள் தொழிலில் திறமை என்றே கருதப்பட்டது. இன்றும் பல இடங்களில் அப்படித்தான். படத்தைப் பார்த்த ஏழு வயதுப் பேத்தி, "இது அப்பாயி இல்லையே" என்றாள். பெரியவர்கள் அவளை அதட்டி அடக்கினார்கள். அவள் சொன்னது சரி என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நிறத்தை வெளுக்கும் வேலையை நான் எடுப்பதில்லை. வெயிலில் நடவு நட்ட கறுப்பு அவர்கள் சம்பாதித்த நிறம், அதை அழிக்க எனக்கு உரிமை இல்லை.

நம்மவர்கள் கேமராவைக் கண்டதும் விறைத்துக்கொண்டு நிற்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1839-இல் ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, ஒரு படம் பதிவாக ஆளை நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வைக்க வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலை 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அதிகாரி படமெடுத்தபோதும் அசையாத கல்தான் அந்தக் கேமராவுக்கு வசதியான பொருளாக இருந்தது. பின்னர் பிலிம் சுருள் வந்தபோது 36 படங்களோடு சுருள் தீர்ந்துவிடும் என்பதால், சிரிப்பதோ திரும்புவதோ வீண் செலவாகத் தோன்றியது. அந்த இரண்டு நெருக்கடிகளும் போய்விட்டன. விறைப்பு மட்டும் போகவில்லை.

அதற்காக, நேராக உட்கார்ந்து எடுக்கும் படம் பொய், சொல்லாமல் எடுக்கும் 'கேண்டிட்' மட்டுமே உண்மை என்று இப்போது சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. தலைவாரி, விபூதி பூசி, நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்து உட்காரும் ஒரு கிழவி, தான் எப்படி நினைவில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்கிறாள். அந்த முடிவும் அவளுடைய இயல்புதான். ஆகவே வீடுகளுக்குப் போய்ப் படமெடுக்கும்போது முதலில் அவர்கள் விரும்பியபடியே நாற்காலியில் உட்கார வைத்து எடுத்துவிடுவேன். "எடுத்தாச்சா?" என்று கேட்டு, தோள் தளர்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ சொல்லத் திரும்புவார்கள் அல்லவா, அந்த ஐந்து விநாடிக்காகக் கேமராவைக் கீழே இறக்காமல் காத்திருப்பேன். இருபது ஆண்டுகளில் நான் எடுத்த நல்ல முகங்களில் பாதிக்கு மேல் அந்த ஐந்து விநாடியில் கிடைத்தவை.

வீட்டில் நீங்களே எடுப்பதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வெளிச்சத்தைப் பார்க்கத் தெரிந்தால் போதும். நம் பகுதியின் பழைய ஓட்டு வீடுகளில் முற்றம் இருந்தால் அதைவிடச் சிறந்த ஸ்டுடியோ உங்களுக்குக் கிடைக்காது. வெயில் நேராக விழும் இடத்தில் அல்லாமல், முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில், முகம் முற்றத்தைப் பார்க்கும்படி ஒருவரை உட்கார வைத்தால், மேலிருந்து இறங்கும் வெளிச்சம் சுவர்களில் பட்டு மென்மையாகி முகத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் படிப்படியாகக் குறையும். கண்ணில் ஒரு சிறு ஒளிப்புள்ளி விழும். முற்றம் இல்லாத கான்கிரீட் வீடாக இருந்தால் வாசல் நிலைக்கு உள்ளே இரண்டடி தள்ளி உட்கார வைப்பது ஏறத்தாழ அதே பலனைத் தரும். செய்ய வேண்டிய முதல் காரியம் டியூப் லைட்டை அணைப்பது. வெளி வெளிச்சமும் டியூப் லைட்டும் கலந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் பச்சையாகவும் தெரியும், அதைப் பிறகு சரிசெய்வது எங்களுக்கே சிரமம். பிளாஷ் வேண்டவே வேண்டாம். நிற்கும் உயரத்திலிருந்து, உட்கார்ந்திருப்பவரைக் குனிந்து எடுக்காதீர்கள். நீங்களும் தரையில் உட்காருங்கள், அவருடைய கண்ணும் கேமராவும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும்.

கைப்பேசியின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. அதை முகத்துக்கு ஓரடி தூரத்தில் கொண்டுபோனால் மூக்கு பெருத்தும் காது சிறுத்தும் தெரியும். ஐந்தடி தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் அம்மா அம்மாவாகவே இருப்பார். முகத்தை வழவழப்பாக்கும் 'பியூட்டி' அமைப்பு பல கைப்பேசிகளில் நீங்கள் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் தேடிப்பிடித்து நிறுத்துங்கள். ஓடுகிற குழந்தையை மாலை மங்கலில் எடுக்காதீர்கள், கலங்கிவிடும். லென்ஸைத் துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட லென்ஸ்தான் எங்களிடம் வரும் மங்கலான படங்களில் பலவற்றுக்குக் காரணம்.

எதை எடுப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். பண்டிகை நாளை விட்டுவிடுங்கள். அன்று எப்படியும் யாராவது எடுத்துவிடுவார்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது வாய்க்காலில் வந்து சேர்ந்த செய்தி கேட்டு அப்பா மண்வெட்டியோடு மடையைப் பார்க்கக் கிளம்பும் காலை, அம்மா முறத்தில் அரிசி புடைக்கும்போது கை மேலெழும் கணம், தாத்தா திண்ணையில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் செய்தித்தாளை மூக்கருகே கொண்டுபோவது, டிகிரி காபியை டம்ளருக்கும் டவராவுக்கும் இடையே ஆற்றுவது ஆகியவை எல்லாம் நாளையும் நடக்கும் என்ற நம்பிக்கையாலேயே எடுக்கப்படாமல் போகிறவை. கைகளை மறக்காமல் எடுங்கள். முகத்தைப் போலவே கைகளும் ஒருவரை அடையாளம் காட்டும். ஒரு நாள் அந்தக் கைகளைத்தான் தேடுவீர்கள் என்று வாடிக்கையாளர்கள் பலர் என்னிடம் சொல்லாமல் சொல்லியிருக்கிறார்கள்.

ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு தரலாம், ஏனெனில் அன்று ஆற்றங்கரையில் எல்லோரும் அவரவர் வேலையில் மூழ்கியிருப்பார்கள். சப்பரம் இழுக்கும் பிள்ளைகள், காப்பரிசி பங்கிடும் கைகள், புது மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் பெண்கள் என யாரும் கேமராவைப் பார்ப்பதில்லை. ஆனால் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, படம் எடுப்பவர் சொல்லச் சொல்லப் பின்னால் நகர்ந்து போகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். படித்துறையின் கீழ்ப்படிகள் பாசி பிடித்தவை, புது வெள்ளத்தில் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. படம் எடுப்பவரே "பின்னால் போகாதீர்கள்" என்று சொல்லும் பொறுப்பை ஏற்க வேண்டும்.

பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது எடுத்த படங்கள் அழகானவை. அவை வீட்டு ஆல்பத்தோடு நிற்கட்டும். ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் போட்ட படம் எவர் கைக்குப் போகும் என்பது நம் கையில் இல்லை. படுக்கையில் கிடக்கும் முதியவரின் படத்துக்கும் இது பொருந்தும். அவரால் மறுக்க முடியாது என்பதாலேயே கூடுதல் கவனம் வேண்டும்.

எடுத்த படங்களைப் பாதுகாப்பதில் நம் பகுதிக்கு ஓர் அனுபவம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, கூரை பறந்த வீடுகளில் பீரோவோடு ஆல்பங்களும் நனைந்தன. ஒட்டிக்கொண்ட படங்களைக் காய வைத்துப் பிய்க்க முயன்று முகங்களை இழந்தவர்கள் அதிகம். பழைய ஸ்டுடியோப் பிரிண்டுகள் நனைந்து ஒட்டியிருந்தால், ஈரம் காயும் முன்பே சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து மெல்லப் பிரித்து, துடைக்காமல், நிழலில் முகம் மேலே தெரியும்படி உலர்த்த வேண்டும். இங்க்ஜெட்டில் அச்சிட்டவற்றை நீரில் போடக்கூடாது, சாயம் ஓடிவிடும். கண்ணாடியில் ஒட்டிய படத்தை இழுக்காமல் அப்படியே ஸ்டுடியோவுக்குக் கொண்டு வாருங்கள், கண்ணாடியோடு சேர்த்து நகலெடுத்துவிடலாம்.

கைப்பேசியில் இருக்கும் படங்களுக்குப் புயல் தேவையில்லை, கிணற்றடியில் ஒரு முறை கை தவறினால் போதும். கைப்பேசியில் ஒன்று, பென்டிரைவிலோ ஹார்ட் டிஸ்கிலோ ஒன்று, வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒன்று என மூன்று பிரதிகளாவது இருக்கட்டும். 12-க்கு 18 அங்குலத்தில் ஒரு படம் கூர்மையாக அச்சாக, அகலத்தில் 3,600 புள்ளிகளும் உயரத்தில் 5,400 புள்ளிகளும் இருப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் அதில் சிறு பகுதியாகச் சுருங்கித்தான் வந்து சேரும். டாக்குமென்டாக அனுப்பினால் சுருங்காது. ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது அச்சிட்டு, பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள்.

சென்ற ஆண்டு, படத்திறப்புக்காக ஒரு முறை என்னிடம் வந்துபோன விவசாயி ஒருவர் மீண்டும் வந்தார். இம்முறை யாரும் இறக்கவில்லை. நடவு வயலின் வரப்பில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, வராத மும்முனை மின்சாரத்தைத் திட்டியபடி மோட்டார் கொட்டகையைப் பார்க்கும் தம் தந்தையின் படத்தைக் கைப்பேசியிலிருந்து காட்டி, பெரிதாக வேண்டும் என்றார். படம் தயாரானதும் தந்தையே வாங்கிப்போக வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சட்டைகூடப் போடாம இருக்கேனே தம்பி, இதையா மாட்டப் போறான்?" என்று கேட்டார். சட்டை போட்டு ஒன்று எடுத்துத் தரவா என்றேன். எடுக்கச் சொன்னார். அது கூடத்தில் தொங்குகிறது; வரப்பில் நிற்பது மகனின் அறையில் இருக்கிறது.