கசேகோ: சொல்லும் பொருளும்

கசேகோ (பெயர்ச்சொல்): தென் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலுள்ள சுரிநாமில், ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்கள் வளர்த்தெடுத்த துள்ளலான ஆட்ட இசை.

பிரெஞ்சில் 'காஸே ல கோர்' என்றால் 'உடலை முறி' என்று பொருள். அடிமைக் காலத்தில் அதிவேகமான ஓர் ஆட்டத்தைக் குறித்த இந்தத் தொடரே மருவிக் கசேகோ ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். டச்சுக்காரர் ஆண்ட நாட்டில் பிரெஞ்சுச் சொல் எப்படி என்று கேட்கலாம். பக்கத்திலேயே பிரெஞ்சு கயானா இருக்கிறது. அங்கேயும் மேளம் கொட்டி ஆடும் பழைய ஆட்டத்துக்கு இதே பெயர்தான்.

தமிழில் 'உடம்பு முறிய' என்றாலே உழைப்புதான் நினைவுக்கு வரும். கரும்புத் தோட்டத்திலும் காப்பித் தோட்டத்திலும் முதலாளிக்காக முறிந்த உடம்பு, ஆட்டத்தில் தன் இஷ்டத்துக்கு முறிந்து நெளிந்தது. இந்தப் பெயரில் எனக்குக் கேட்பது அந்த விடுதலைதான். அடிமைமுறை 1863 ஜூலை 1 அன்று ஒழிந்தபோதும், விடுதலையானவர்களில் பெரும்பாலோர் 1873 வரை அரசின் மேற்பார்வையில் தோட்டங்களிலேயே உழைக்க வேண்டியிருந்தது. ஆண்டுதோறும் ஜூலை 1-ஐ 'கேத்தி கோத்தி', அதாவது சங்கிலி அறுந்த நாள் என்று கொண்டாடுகிறார்கள்.

கசேகோவுக்குத் தாய் 'கவினா' என்ற பழைய மேள இசை. கொம்மேவைனே ஆற்றுப் பகுதியின் பெயர்தான் அதற்கும் வந்தது. இருபுறமும் தோல் போர்த்த மேளங்களில் 'ஹரி' தாளத்தை இழுத்துப் பிடிக்கும். 'கோத்தி' குறுக்கே புகுந்து வெட்டும். சங்கிலியை அறுத்த அதே கோத்தி. கூடவே தாழ்வான மரப்பலகை ஒன்றை இரு குச்சிகளால் தட்டுவார்கள். ஒருவர் பாட, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இதனோடு ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்தபோது கசேகோ உருவானது. இதன் உயிர்நாடி 'ஸ்க்ராச்சி': பெரிய மேளம், அதன்மேல் பூட்டிய சிம்பல், இரண்டையும் அடிக்க ஒரே ஆள்.

ஜாஸோடு இது கலந்ததும் இயல்பாகவே நடந்தது. இரண்டிலும் பின்பாட்டு உண்டு, மனோதர்மத்துக்கு இடம் உண்டு. சுரிநாமின் தலைநகர் பாரமாரிபோவில் 1911-ல் பிறந்து 'கிட் டைனமைட்' என்று பெயரெடுத்த ஆர்தர் பாரிசியுஸ், ஆம்ஸ்டர்டாம் விடுதிகளில் சாக்ஸபோனில் ஜாஸோடு தன் ஊர்ப் பாட்டுகளையும் வாசித்தார். 'கசேகோ மன்னர்' எனப்பட்ட பாடகர் லீவெ ஹூகோ, 1975 நவம்பர் 25-ல் சுரிநாம் விடுதலை பெறுவதற்குச் சில நாள் முன்பு காலமானார். ஊர்த் தாளமும் ஜாஸும் கலந்த பிற்கால வாசிப்புக்குப் 'பாரமாரிபாப்' என்றே பெயர் உண்டு: பாரமாரிபோவும், ஜாஸில் ஒரு வகையான பீபாப்பும் சேர்ந்த சொல்.

தமிழில் 'உடல் உடைப்பு' என்று எழுதினால் ஒட்டாது, உடைவது பானை. நாம் சோம்பலை முறிப்போம், உடம்பு முறிய ஆடுவோம். ஆட்டத்துக்கு 'மெய்முறி ஆட்டம்', இசைக்கு 'மெய்முறி இசை' என்பது என் பரிந்துரை. முதல்முறை எழுதும்போது மட்டும் கசேகோ என்ற பெயரையும் சேர்த்தே எழுத வேண்டும்.